சும்மா கத்தக் கூடாத பெட்டி

ஊரில் எல்லாரும் இரைச்சலை அடக்க வழி தேடுகிறார்கள். எனக்கோ ஒழுங்காக ஓடுகிற சர்க்யூட்டுக்குள் இரைச்சலைக் கொண்டுபோய் விடுவதற்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது.

நாகர்கோவிலில் ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். சிப் வடிவமைக்கிறவர்கள் அனுப்புகிற சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டு, அது தேறுமா தேறாதா என்று சொல்வது எங்கள் பிழைப்பு. அதில் என் பங்கு இரைச்சல். காதில் கேட்கிற சத்தம் இல்லை இது. எந்தக் கம்பியிலும் எலெக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை, யாரும் தொடாமலே துடித்துக்கொண்டிருக்கும். அதனால் மின்னழுத்தம் எந்நேரமும் இம்மி இம்மியாக ஆடும். நிஜத்தில் இருக்கும் அந்த ஆட்டத்தைக் கணக்காக்கி, நொடியைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு பொடியிலும் கலந்து, நேரம் போகப்போக சர்க்யூட் எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பேன். ஒரு தடவை ஓட்டினால் ஒரு ராத்திரி போய்விடும். காலையில் வந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கும்.

வீட்டில் எத்தனை தரம் விளக்கினாலும் "கம்ப்யூட்டர்ல என்னமோ செய்யா" என்பதைத் தாண்டாத வேலையில் நீங்களும் இருக்கிறீர்களா? அப்படியென்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நமக்குள் என்ன ஒளிவு மறைவு.

குளச்சல் பஸ்ஸில் ஒரு விளக்கவுரை

எனக்குச் சொந்த ஊர் குளச்சல் பக்கம் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அங்கே போய்விடுவேன். ஒரு தடவை பஸ்ஸில் ஸ்டெல்லா சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சித்தி மீன் வியாபாரம் செய்கிறவள். அவள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்து இறங்கியவர்கள் யாரும் இல்லை.

"ஜெனி, நீ அங்க என்ன வேலைதான் பாக்குற மக்கா?" என்றாள். நானும் ஒரு வேகத்தில் ஆரம்பித்தேன். கடல் அமைதியாக இருக்கிற நாளிலும் லேசாக ஆடுமில்லையா, அதுமாதிரி கரண்டும் உள்ளுக்குள் ஆடிக்கொண்டே இருக்கும், கரையில் நிற்கும்போது நன்றாக இருக்கிற வள்ளத்தை ஆட்டிப் பார்த்தால்தானே எங்கே ஒழுகும் என்று தெரியும், அப்படி நான் சர்க்யூட்டை ஆட்டிப் பார்க்கிறேன் என்றேன். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது என்று எனக்கே பெருமையாக இருந்தது. பஸ் திங்கள்சந்தை ஊரைத் தாண்டுகிற வரைக்கும் சித்தி யோசித்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப நல்லாக் கெடக்குறதக் கெடுத்துப் பாக்கதுதான் வேலையா? அத எங்க வீட்ல எம் மாப்பிள சம்பளம் இல்லாமலே செய்வாருட்டி."

தராசின் கடைசி எண்

மின்னணுத் தராசு செய்கிற உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தார். அவர் தராசில் எல்லாம் சரி, கடைசி எண் மட்டும் நிற்காமல் ஐந்து, ஆறு, ஐந்து, ஏழு என்று ஆடிக்கொண்டிருக்கும். மீன் ஏலக்கூடத்தில் விற்கிறவன் ஏழைப் பார்ப்பான், வாங்குகிறவன் ஐந்தைப் பார்ப்பான், சண்டை வரும். எங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். நினைத்தது போல இரைச்சல்தான். திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தால் ஆட்டம் அடங்கும், ஆனால் எடை காட்டக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்று விளக்கினேன்.

"எவ்வளவு நேரம்?" என்றார். எத்தனை அளவு சேர்க்கிறோமோ அத்தனை நேரம், பொறுமை கூடக்கூட எண் சுத்தமாகும் என்றேன். என் தொழிலின் ஒரே வேதவாக்கியம் அது. அவர் சிரிக்கவே இல்லை. "ஏலக்கூடத்துல வந்து நின்னு பாத்திருக்கீங்களா? நீங்க சராசரி எடுத்து முடிக்கதுக்குள்ள மீனு கருவாடாயிரும் மேடம்."

கொச்சியிலிருந்து ஒரு கோபம்

பிறகு கொச்சியிலிருந்து ஜார்ஜ் வந்தார். நேரில் இல்லை, திரையில். ஆழ்கடலுக்குப் போகிற போட்டுகளுக்காக அவருடைய கம்பெனி ஒரு சாதனம் செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஆளும் கையில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். ஆள் தவறிக் கடலில் விழுந்தால், பட்டை நனைந்ததும் ஒரு மெல்லிய சமிக்ஞையை அனுப்பும். போட்டில் இருக்கிற பெட்டி அதைக் கேட்டுக் கத்தும். அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருக்கப் போகிற சிப்பைத்தான் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். சிப் இன்னும் தயாராகவில்லை, காகிதத்தில்தான் இருந்தது. தப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

அது வேலை செய்கிற விதம் எளிமையானது. உள்ளே ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். வருகிற சமிக்ஞை அந்தக் கோட்டைத் தாண்டினால் பெட்டி கத்தும். எனக்கு வந்த பயமும் எளிமையானது. யாரும் விழாதபோதும் இரைச்சலே எப்போதாவது துள்ளி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால்? முதல் நாள் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தேன். தாண்டவில்லை, ஆனால் கோட்டுக்குக் கிட்டக் கிட்டப் போய் வந்தது. அவர்கள் அனுப்பிய படத்திலோ ஒரு பிசிறுகூட இல்லை, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருந்தது. இரண்டையும் ஜார்ஜுக்குக் காட்டினேன். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "மேடம், ஞங்ஙள் ஓட்டினப்போ எல்லாம் நல்லா இருந்தது. நிங்ஙள் ஓட்டினப்போதான் சீத்தையாச்சு. அப்போ கொழப்பம் சர்க்யூட்டிலயா, நிங்ஙளிடத்திலயா?"

அண்ணன் சொன்னது

அந்த ஞாயிற்றுக்கிழமை சேவியர் அண்ணன் வீட்டில் இருந்தார். என் கூடப் பிறந்த மூத்தவர். தங்கல் தொழிலுக்குப் போகிறவர், அதாவது போனால் வாரக்கணக்கில் நடுக்கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற போட்டில். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் நான் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். ஏனென்றால் போன வருஷம்தான் அவருடைய போட்டிலிருந்து எங்கள் தெருக்காரர் மரியதாஸ் அண்ணன் விழுந்து போனார். மற்றவர்கள் உறங்கிக்கொண்டிருந்த நேரம். காலையில்தான் ஆளைக் காணோம் என்று தெரிந்து, திரும்பி ஓடி, நாள் முழுக்கத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. "இப்படி ஒரு பெட்டி அன்னைக்கு இருந்திருந்தா..." என்று நான் ஆரம்பித்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "பெட்டி இருந்துதுட்டி. ஆளு விழாமலே சும்மா சும்மா கத்துதுன்னு நாங்கதான் ஒயர அறுத்துப் போட்டோம்."

ராகு காலம்

அதற்குப் பிறகு எனக்கு அந்த வேலை வெறும் வேலையாக இல்லை. இந்தப் பெட்டியும் சும்மா கத்தினால் இதன் ஒயரையும் அறுப்பார்கள். அறுத்த பிறகு விழுகிறவன் போனவன்தான். ஒரு ஓட்டம் போதாது, நூறு ஓட்டம் வேண்டும் என்று எங்கள் மேலாளர் ஆறுமுகம் சாரிடம் கேட்டேன். சார் சுசீந்திரத்துக்காரர். வயல் உண்டு, வாழை உண்டு. காலையில் வயலைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் எங்களைப் பார்ப்பார். நூறுக்கும் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, எந்த ஓட்டத்தையும் ராகு காலத்தில் தொடங்கக் கூடாது.

ஓட்டங்களைத் தயார் செய்கிற பொறுப்பு செல்வினுக்கு. இரணியலிலிருந்து ரயிலில் வந்துபோகிறவன், கெட்டிக்காரன், என்னை எக்கா என்பான். சி.எஸ்.ஐ. சபையில் கிட்டார் வாசிப்பவன். ராகுவைப் பற்றி அவனுக்கு இருந்த அபிப்பிராயத்தை இங்கே எழுத முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வேண்டுமென்றே ராகு காலம் பார்த்துப் பட்டனை அமுக்கினான். சிறிது நேரத்தில் தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. யு.பி.எஸ். மூன்று தடவை கூவிவிட்டு அடங்கியது. கீழே மெத்தைக் கடையிலிருந்து ஆட்கள் விசிறிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆறுமுகம் சார் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கரண்டுக்கே தெரியுது, உனக்குத் தெரியலியே செல்வின்."

நூறு ஓட்டம், ஒரு கோடு

கம்ப்யூட்டர்களை எல்லாம் வாடகைக்குப் பிடித்து, ராகுவையும் எமகண்டத்தையும் ஒதுக்கி, நூறு ஓட்டமும் முடிந்தது. ஒன்றில்கூடப் பெட்டி கத்தவில்லை. செல்வின் மேஜையைத் தட்டித் தாளம் போட்டான். சார் ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார். ஜார்ஜுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட வேண்டியதுதானே? எனக்குக் கை வரவில்லை. முதல் நாள் கோட்டுக்குக் கிட்டப் போய் முட்டிக்கொண்டு நின்ற இரைச்சல், நூறு தடவையில் ஒரு தடவைகூடவா எட்டிப் பார்க்காது?

நூறு ஓட்டத்தின் படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் திரையில் போட்டேன். இரைச்சல் என்பது ஒவ்வொரு தடவையும் வேறுவேறு மாதிரி வருவது. நூறு போட்டால் கம்பளிப்பூச்சி மாதிரி மொத்தையாகத் தெரிய வேண்டும். திரையில் ஒரே ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டேன். விஷயம் இதுதான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும், விதை மாதிரி. அதிலிருந்துதான் கம்ப்யூட்டர் இரைச்சலை முளைக்க வைக்கும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே இரைச்சல் அச்சு மாறாமல் வரும். நூறுக்கும் நூறு எண் கொடுக்க வேண்டும். செல்வின் நூறுக்கும் ஏழு என்றே கொடுத்திருந்தான்.

ஏன்டா என்றேன். பையன் முகம் செத்துவிட்டது. ஏழு பைபிளில் நிறைவான எண், நல்ல எண்ணாகக் கிடக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் அதையே போட்டானாம். ராகு காலத்தைப் பார்த்துச் சிரித்த வாய்! எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இன்னும் கொஞ்சம் விட்டால் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆறுமுகம் சார் எழுந்து வந்து திரையில் அந்த ஒற்றைக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நூறு வயலு அறுத்தாச்சுன்னுல்லா நெனச்சோம்? ஒரு வயலயே நூறு தடவ எண்ணியிருக்கோம் கேட்டியளா."

எந்த எண்ணும் ஆகாது

மறுபடியும் நூறு. இந்தத் தடவை எண்களை நாங்கள் மூவரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பது என்று முடிவானது. அது இவ்வளவு பெரிய பஞ்சாயத்தாகும் என்று எனக்குத் தெரியாது. எட்டு எங்கே வந்தாலும் வேண்டாம், அது சனியின் எண் என்றார் சார். ஆறு மூன்று தடவை சேர்ந்து வந்தால் வேண்டாம், அது சாத்தானின் எண் என்றான் செல்வின், இத்தனை நடந்த பிறகும். பதின்மூன்று எனக்கு ஆகாது. அன்று மத்தியானம் வரை நாங்கள் எழுதியதைவிட அடித்தது அதிகம்.

கடைசியில் கம்ப்யூட்டரையே எடுக்கச் சொல்லிவிட்டேன். அதற்கு வேதமும் கிடையாது, பஞ்சாங்கமும் கிடையாது. அது எடுத்த முதல் எண்ணிலேயே இரண்டு எட்டு இருந்தது. சார் அதை ஒரு பெருமூச்சோடு பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்: "செரி, எடுத்தது அதுதானே? தோஷமும் அதுக்கே போகட்டும்."

எத்தனை சாயா?

ஓட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கம்பளிப்பூச்சியும் மொத்தையாக வளர்ந்தது. பாதி தாண்டியிருக்கும், ஒரு நாள் காலை ஒரு படத்தில் இரைச்சல் துள்ளிக் கோட்டைத் தாண்டி அப்பால் விழுந்திருந்தது. பெட்டி கத்தியிருந்தது. கடலில் ஒருவரும் விழவில்லை. எனக்கு அழுகை வந்தது என்றால் நம்புவீர்களா? சந்தோஷத்தில்தான். நம் தொழிலில் மட்டும்தான் தப்பைக் கண்டுபிடித்தால் கண்ணீர் வரும், கண்டுபிடிக்காவிட்டால் பஜ்ஜி வரும்.

மிச்ச ஓட்டங்களில் வேறு எதுவும் தாண்டவில்லை. நூறும் முடிந்ததும் ஜார்ஜைத் திரையில் பிடித்துச் சொன்னேன். "நூறில் ஒண்ணு அல்லே மேடம்? கொள்ளாமே!" என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பரீட்சையில் தொண்ணூற்றொன்பது வாங்கிய பிள்ளையின் தகப்பன் மாதிரி முகம். நான் பொறுமையாகச் சொன்னேன்: "சார், ஒரு ராத்திரி முழுக்க ஓட்டினாலும் அதற்குள் ஓடுகிற நேரம் சில நொடிதான். நூறையும் சேர்த்துக் கட்டினால் போட்டில் ஒரு சாயா போட்டு, ஆற்றி, குடித்து முடிக்கிற நேரம் வரும். அந்த நேரத்துக்குள் ஒரு பொய்க் கத்தல்." அவர் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. காகிதத்தில் ஏதோ போட்டார், அடித்தார், மறுபடி போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தங்கலுக்குப் போற ஆள்க்காரு ஒரு நாளு எத்தர சாயா குடிக்கும் மேடம்?"

மிச்சம் வந்த கப்

நோய் தெரிந்துவிட்டது, மருந்தில்தான் சண்டை. கோட்டை உயர்த்திவிடலாம், செலவே இல்லை என்றார் ஜார்ஜ். உயர்த்தினால் இரைச்சல் தாண்டாதுதான். ஆனால் விழுந்த ஆள் போட்டை விட்டுத் தள்ளிப் போகப் போக அவன் சமிக்ஞை மெலியும், அதுவும் தாண்டாது. அப்புறம் பெட்டி எதற்கு, அழகுக்கா? நான் சொன்னது வேறு. கோடு அங்கேயே இருக்கட்டும். தாண்டியவுடன் கத்தாமல் இரண்டு நொடி பொறுத்து, மறுபடி மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டு கத்தட்டும். இரைச்சல் ஒரு துள்ளல் துள்ளும், தொடர்ந்து துள்ளாது. நிஜமாக விழுந்தவனின் பட்டை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஜார்ஜ் ஒத்துக்கொள்ளவில்லை. விளம்பரத் தாளில் 'உடனடி எச்சரிக்கை' என்று பெரிய எழுத்தில் அடித்தாகிவிட்டதாம். இரண்டு நொடி தாமதம் என்றால் எந்த மீனவன் வாங்குவான் என்றார். வாங்குகிறவர்களிடமே கேட்போம் வாருங்கள் என்றேன்.

வந்தார். நல்ல மனிதர், வீம்பு பிடித்தவர் என்றாலும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சேவியர் அண்ணன் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். அண்ணன் மனைவி, எங்கள் மைனி, சாயா கொண்டுவந்து கொடுத்தாள். ஜார்ஜ் கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பற்றி விரிவாகச் சொன்னார். கடைசியில் கொஞ்சம் தயங்கி, "ஆனா ஒரு காரியம், ஆளு விழுந்து ரெண்டு நொடி கழிஞ்சுதான் கத்தும். அது வைகிப்போகும் அல்லே?" என்று கேட்டார்.

அண்ணன் தன் கையிலிருந்த கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக இந்த வீட்டில் யாரும் அவரிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. "ரெண்டு நொடியா சாரே?" என்றார். "அன்னைக்கு விடிஞ்சு சாயா போட்டு எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தோம். ஒரு கப்பு மிச்சம் வந்தப்பதான் ஆளக் காணோம்னே எங்களுக்குத் தெரிஞ்சுது."

புகார்

விளம்பரத் தாள் மாறியது. சர்க்யூட்டும் மாறியது. புதிய சர்க்யூட்டை வேறுவேறு எண்களில் மறுபடி ஓட்டினோம். எந்த ஓட்டத்திலும் பெட்டி கத்தவில்லை. கத்தாதது மட்டும் போதாது என்று, கத்தலுக்கு எவ்வளவு கிட்டே வந்து திரும்பியது என்பதையும் ஒவ்வொன்றிலும் அளந்தேன். அதை வைத்துக் கணக்குப் போட்டால், தங்கலுக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் இது சும்மா கத்த வாய்ப்பே இல்லை என்று வந்தது. சிப் தயாராகி வர மாதங்கள் ஆயின. முதல் பெட்டிகளில் ஒன்றை வெள்ளோட்டத்துக்கு அண்ணனின் போட்டிலேயே வைப்பது என்று ஜார்ஜ் முடிவு செய்தார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

அண்ணனின் போட்டு கடலுக்குப் போனது. ஆழ்கடலில் போன் எடுக்காது. கணக்கை நம்புவதுதான் என் தொழில், ஆனால் மனசு கணக்குப் படித்ததில்லை. அங்கே கடல் உப்பு, டீசல் என்ஜின் அதிர்வு, வெயில். என் கம்ப்யூட்டரில் இவை எல்லாவற்றையும் போட்டிருந்தேனா? ஒன்றை விட்டிருந்தால்? சும்மா ஒரு தடவை கத்தினாலே சந்தேகம் வந்துவிடும், இன்னொரு தடவை கத்தினால் ஒயரை அறுக்கக் கத்தியை எடுத்துவிடுவார்கள். செல்வின் தினமும் ரயிலை விட்டு இறங்கியதும் "வல்லதும் தெரிஞ்சுதா எக்கா?" என்று கேட்பான். ஆறுமுகம் சார் கேட்க மாட்டார். ஆனால் அந்த நாட்களில் சுசீந்திரம் கோயில் வடை பிரசாதம் என் மேஜைக்கு அடிக்கடி வந்தது.

ஒரு நாள் மத்தியானம் மாடிப்படியில் கனமான காலடி கேட்டது. பின்னாலேயே மீன் வாசனையும் ஏறி வந்தது. சேவியர் அண்ணன். கரைக்கு வந்த கையோடு பஸ் ஏறியிருக்கிறார், ஒரு கையில் பெரிய நெய்மீன். முகத்தில் சந்தோஷம் இல்லை. அலுவலகத்துக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. ஏசிக் குளிரில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றவரை சார் தன் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"ஏட்டி, உன் பெட்டி கெட்டுப் போச்சு" என்றார் அண்ணன். என்ன ஆச்சு என்று செல்வின்தான் கேட்டான். "போனதுலேருந்து ஒரு தடவ கூடக் கத்தல! சவம், லைட்டு மட்டும் எரியுது. பழைய பெட்டி ஒரு நாளைக்கு எத்தன தடவ கத்தும்! உயிரு இருக்கான்னு பாக்க ஒரு கையிப் பட்டைய கன்னாசுல கட்டிக் கடல்ல எறிஞ்சோம்." கன்னாஸ் என்றால் எங்கள் பக்கம் பிளாஸ்டிக் கேன். "அப்பக் கத்திச்சு பாரு, டிரைவரு பதறி அடிச்சு என்ஜின நிறுத்திட்டான். கன்னாச எடுத்துப் போட்ட பொறவுதான் அடங்கிச்சு. மறுநாளும் எறிஞ்சோம், கத்திச்சு. எறியாட்டா கத்த மாட்டேங்குது. ஆளு விழுந்தாத்தான் கத்துமா அது?"

செல்வின் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆறுமுகம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், நெடுநேரம் துடைத்தார். ஆமாம் அண்ணே, விழுந்தால் மட்டும்தான் கத்தும், அதற்குத்தான் இத்தனை மாதம் உட்கார்ந்தோம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குப் பதிலாக, "ஒயரு?" என்றேன்.

அண்ணனுக்குப் புரிந்தது. மீனை மேஜையில், என் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அன்று சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது பார்க்காத கண், இப்போது என்னை நேராகப் பார்த்தது. "ஒயரு கெடக்கு மக்கா. இந்தத் தடவ எவனும் அறுக்கல."

ஆக, என்னைப் போலவே மாட்டிக்கொண்டவர்களே, வருஷக்கணக்காக இரைச்சல் போட்டுப் போட்டு நான் கண்ட ஒரே வெற்றி ஒரு பெட்டி வாயைத் திறக்காமல் கிடந்ததுதான், அதற்கும் நேரில் வந்து புகார்தான் கொடுத்தார்கள்.